பேசுபவருக்கு இடம் கொடுத்துக் கேட்பது: செவிமடுப்புத் தொண்டு என்றால் என்ன?

மலேசியாவில் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு தமிழ் வீட்டில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் வரை அந்த வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவே இருக்காது. கூடாரம் போட, காப்பி கலக்க, இறப்புச் சான்றிதழ் எடுத்துவர என்று எல்லாவற்றுக்கும் யாராவது இருப்பார்கள். கருமக்கிரியை முடிந்து வாடகை நாற்காலிகளை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் அந்த வீட்டுப் பெண்மணி முதன்முறையாகத் தனக்கு மட்டும் சமைக்கிறார். வங்கியிலும் ஊழியர் சேமநிதி அலுவலகத்திலும் தனியாக எண் வாங்கிக்கொண்டு உட்காருகிறார். அவருக்குப் பேச வேண்டியவை அப்போதுதான் சேரத் தொடங்குகின்றன. ஆனால், கேட்க இருந்தவர்கள் அதற்குள் தத்தம் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். இந்த இடைவெளிக்காக உருவானதுதான் செவிமடுப்புத் தொண்டு.

வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றத்தைக் கடந்துகொண்டிருக்கும் ஒருவர் பேசுவதை, அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு சாதாரண மனிதர் கேட்கிறார். அவர் சம்பளம் வாங்குவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை, கேட்டதை வெளியே கொண்டுபோவதில்லை. தொலைபேசியில் நடக்கலாம், நேரில் சந்தித்தும் நடக்கலாம், நோயாளியின் படுக்கையருகிலும் நடக்கலாம். இந்த நிபந்தனைகளில் எதைத் தளர்த்தினாலும் அது வேறொன்றாகிவிடும். அறிவுரை நுழைந்தால் உறவினர் பேச்சு, தீர்ப்பு நுழைந்தால் பஞ்சாயத்து, வெளியே போனால் ஊர்ப்பேச்சு.

பெரிய மாற்றம் என்றதும் சாவு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இளமை முழுவதையும் கழித்துவிட்டு ஆட்குறைப்பில் வெளியேறியவர் இருக்கிறார். மணவிலக்குப் பெற்று, இரண்டு பிள்ளைகளுடன் தாய்வீட்டின் ஓர் அறைக்குத் திரும்பியவர் இருக்கிறார். சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் படுத்திருப்பவரும், பக்கவாதம் கண்ட கணவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் மனைவியும், ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்ட வீட்டில் இருக்கும் தாயும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இவர்களில் எவருக்கும் நோய் என்று சொல்லத்தக்க மனநிலைக் கோளாறு இல்லாமல் இருக்கலாம். வாழ்க்கை திசை மாறிவிட்டது, மனம் இன்னும் பழைய வழியிலேயே நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால், அந்த 'அவ்வளவுதான்' ஒருவரைத் தரையில் சாய்த்துவிடக்கூடியது.

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐ வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பதற்கு ஓர் எண் கொடுத்தார்கள். துணையின் இறப்புக்கு 100, மணவிலக்குக்கு 73, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, பணி ஓய்வுக்கு 45. திருமணத்துக்கு எவ்வளவு தெரியுமா? 50. வேலை போவதைவிடக் கூடுதல். மாலையும் மேளமுமாக வந்த மாற்றமும் மனிதரை உலுக்கும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். புதுமணப்பெண் அழுதால் 'இதற்கெல்லாமா அழுவார்கள்' என்று கேட்பவர்களுக்கு அந்த 50-ஐக் காட்டலாம். இருந்தாலும் எண்களை அளவுக்குமேல் நம்பக் கூடாது. ஒரே பணி ஓய்வு ஒருவருக்கு விடுதலையாகவும் இன்னொருவருக்குத் தன் பெயரே பறிபோனது போலவும் இருக்கிறது. எது எப்படி என்பதை அவரைக் கேட்டால்தான் தெரியும்.

தேநீர் கொடுத்தவர்களிடமிருந்து தொடங்கியது

சாதாரண மனிதர்கள் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்து, 1953 நவம்பரில் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியுடன் உட்கார்ந்தார். நேரிலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தொண்டூழியர்கள் முன்வந்தார்கள். கொஞ்ச காலத்தில் வாரா ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் பேசிவிட்ட பலர், உள்ளே வந்து தன்னைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் என்று உள்ளே உட்கார்ந்திருந்தவரைவிட, வெளியே பொறுமையாகக் கேட்டவர்கள் செய்தது பெரிய வேலையாக இருந்தது. 1954 பிப்ரவரியில் அழைப்பவர்களைக் கவனிக்கும் பொறுப்பை அவர் அந்தத் தொண்டூழியர்களிடமே ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' என்ற அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது.

தான் கற்றதைவிடப் பிறர் கேட்டது பெரிது என்று ஒரு படித்த மனிதர் ஒப்புக்கொண்டு ஒதுங்கியதை நான் மிகவும் மதிக்கிறேன். அதே வழிமுறை 1970-இல் கோலாலம்பூருக்கு வந்தது. பிஃப்ரெண்டர்ஸ் என்ற பெயரில் அன்று தொடங்கிய சேவை இன்றும் நடக்கிறது. பினாங்கிலும் அதற்குத் தனி நிலையம் உண்டு. மதம் பார்ப்பதில்லை, கட்டணம் கிடையாது.

உறவினர் இருக்க, அந்நியர் எதற்கு?

நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழர்களுக்கு ஆள் பஞ்சம் இல்லை. சித்தி, மாமா, கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன், பழைய தோட்டத்து அண்டைவீட்டார் என்று சுற்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் காலையில் சொன்ன செய்தி, மாலைக்குள் கிள்ளானில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பினாங்குத் தீவில் இன்னும் நெருக்கம். மகள் மணவிலக்குக் கேட்கிறாள் என்பதை ஒரு தாய் தன் உடன்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார். தங்கைக்குப் பாசம் இல்லாததால் அல்ல. தங்கை மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தச் செய்தி அந்தப் பேச்சைக் கெடுத்துவிடுமோ என்ற பயத்தால்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வாழ்க்கை மாறும்போது உறவினர்கள் வாழ்க்கையும் கொஞ்சம் மாறுகிறது. கணவரை இழந்த அக்கா வீட்டை விற்கலாமா என்று யோசித்தால், அந்த வீட்டில் வாடகையின்றித் தங்கியிருக்கும் தம்பியால் அதைத் தன்னை மறந்து கேட்க முடியுமா? அவர் சொல்லும் யோசனையில் அவருடைய கவலையும் கலந்தே இருக்கும். அந்நியருக்கு அந்தப் பங்கு எதுவும் இல்லை. நீங்கள் வீட்டை விற்றாலும் வைத்திருந்தாலும் அவருக்கு லாபமோ நட்டமோ கிடையாது. அதனால் உங்கள் பேச்சு எந்தப் பக்கம் போனாலும் அவரால் கூடவே வர முடிகிறது.

'தமிழில் பேசினால் எடுப்பவர் எனக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால்?' என்ற அச்சமும் நியாயமானதே. இத்தகைய சேவைகளில் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. குரல் பழக்கமானது என்று தொண்டூழியருக்குத் தோன்றினால், அதை நேர்மையாகச் சொல்லி வேறொருவரிடம் மாற்றிவிடுவதே சரியான வழி.

ஒரு பேச்சு எப்படி நகர்கிறது

விளக்கத்துக்காக ஓர் உரையாடலை அமைத்துப் பார்ப்போம். பிறை வட்டாரத்தில் 60 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர். தனியார் துறையில் 2013 முதல் அதுதான் குறைந்தபட்ச ஓய்வு வயது. ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. "காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறேன். எதற்கு என்றே தெரியவில்லை" என்கிறார்.

மைத்துனரிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? "நல்லதுதானே மாமா! இத்தனை வருடம் உழைத்தது போதாதா? கோயிலுக்குப் போங்கள், பேரப்பிள்ளைகளைப் பாருங்கள்." மனமாரச் சொன்ன வார்த்தைகள்தான். அவர் "சரிப்பா" என்று சொல்வார். பேச்சு அங்கே முடிந்துவிடும்.

செவிமடுக்கும் தொண்டூழியர் ஒரு பெண், அவரைவிட வயதில் மிக இளையவர் என்று வைத்துக்கொள்வோம்.

"ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, ஐயா."

"ஆமாம் அம்மா. தொழிற்சாலை பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும். அந்தப் பழக்கம்."

"அந்த பஸ் இப்போதும் வருகிறதா?"

"வருகிறது. எங்கள் வீட்டு முன்னால்தான் நிற்கும்." சற்று நேரம் பேச்சில்லை. "நான் விளக்கைப் போடுவதில்லை."

"விளக்கைப் போடுவதில்லை."

"போட்டால் பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தெரியும் அம்மா, நான் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பது. ஒரு பகுதிக்கே மேற்பார்வையாளராக இருந்தவன். பஸ் போகும் வரைக்கும் இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை."

பொழுது போகாததுதான் அவருடைய துன்பம் என்று மைத்துனர் நினைத்தார். அவருக்கோ வெட்கம். கோயிலும் பேரப்பிள்ளைகளும் அந்த வெட்கத்தைத் தொடவே மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் முன்கூட்டி எதுவும் தெரியாது. அவர் மேதாவித்தனமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சொன்னதைத் திரும்பச் சொன்னார், ஒரே ஒரு கேள்வி கேட்டார், பேச்சு நின்றபோது அந்த இடத்தைத் தானே நிரப்பாமல் விட்டார். மீதியை அந்த மனிதரே செய்துகொண்டார்.

பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைகள் 'உம்' கொட்ட வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரியும். உம் நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும். உம் கொட்டுகிற பிள்ளை கதையை மாற்றுவதில்லை, திருத்துவதில்லை, ஆனால் அந்தப் பிள்ளை இல்லாமல் கதை நகர்வதும் இல்லை. தொண்டூழியரின் இடம் ஏறத்தாழ அதுதான்.

பேசினால் ஏன் பாரம் குறைகிறது என்பதற்கு மூளை ஆய்விலும் ஒரு தடயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மனும் அவர் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ அச்சமோ காட்டும் முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் ஆபத்தை உணர்ந்து பதறும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்தது. ஆய்வகத்தில் முகங்களைப் பார்ப்பதும் வீட்டில் கணவரை இழப்பதும் ஒன்றல்ல. ஆனாலும், உள்ளே உருண்டுகொண்டிருப்பதற்கு ஒரு சொல் கிடைத்த நொடியில் மூச்சு சற்று இறங்குவதைப் பேசி அழுத எவரும் அறிந்திருப்பார்.

தொண்டூழியர் பழகிக்கொள்ள வேண்டியவை

இவற்றில் மிகக் கடினமானது வாயை அடக்குவது. துன்பப்படுபவரைப் பார்த்தால் நமக்கு உடனே ஏதாவது சொல்லித் தீர வேண்டும் என்று இருக்கிறது. சாவு வீட்டில் சொல்லப்படுபவற்றை நினைத்துப் பாருங்கள். 'எல்லாம் விதி.' 'கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.' 'பிள்ளைகளுக்காக மனத்தைத் தேற்றிக்கொள்ளம்மா.' ஒன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றுமே, இதற்குமேல் பேசாதே என்று பேசுபவருக்கு உணர்த்திவிடுகின்றன. பிறர் அழுகையைப் பார்க்க நம்மால் முடியவில்லை, அதனால் அதை நிறுத்தப் பார்க்கிறோம். இது கடுமையாகத் தோன்றலாம். என் கருத்தில் பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஒன்றைத் தாங்கப் பழகுவதுதான்.

'எனக்கும் இப்படித்தான் நடந்தது' என்று தொடங்குவதும் கூடாது. ஆறுதலாகத்தான் சொல்கிறோம், ஆனால் அந்த நொடியில் பேச்சு அவரை விட்டு நம்மிடம் வந்துவிடுகிறது. 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்பது விசாரணை போல ஒலிக்கும். 'அப்போது என்ன நடந்தது?' என்று கேட்டால் அதே பதில் வரும், குற்றவாளிக் கூண்டு இல்லாமல்.

அழைப்பவருடைய நம்பிக்கையோடு வாதாடக் கூடாது என்பதும் நம்மவர்களிடம் முக்கியம். "ஏழரைச் சனி நடக்கிறது, அதனால்தான் எல்லாம் கைவிட்டுப் போகிறது" என்று ஒருவர் சொல்கிறார். தொண்டூழியருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், அவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோகூட இருக்கலாம். மறுப்பதும் அவர் வேலை இல்லை, ஆமோதித்துப் பரிகாரம் சொல்வதும் அவர் வேலை இல்லை. "எல்லாமே கைவிட்டுப் போகிறது என்கிறீர்கள், எதையெல்லாம் இழந்தீர்கள்?" என்று கேட்டால், சனியிலிருந்து பேச்சு வேலைக்கும் வீட்டுக்கும் மனைவிக்கும் வந்துவிடும்.

உடலின் பேச்சையும் கேட்க வேண்டும். நம் பெரியவர்களில் பலர் 'எனக்குத் துக்கமாக இருக்கிறது' என்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, சோறு இறங்கவில்லை, கண் மூடினால் தூக்கம் வரவில்லை என்பார்கள். அவற்றைத் துக்கத்தின் குரலாகக் கேட்கப் பழக வேண்டும். ஆனால் நெஞ்சடைப்பு உண்மையான நெஞ்சடைப்பாகவும் இருக்கலாம். வியர்க்கிறது, இடது கை வலிக்கிறது என்றால் அது 999-ஐ அழைக்க வேண்டிய நேரம்.

உறவுமுறை சொல்லி அழைப்பதிலும் சிறு கவனம் வேண்டும். 'ஐயா', 'அம்மா' பெரும்பாலும் பொருந்தும். உரிமையோடு 'அப்பா' என்று கூப்பிட்டுவிட்டால், மகள் முன்னால் அழக் கூடாது என்று அவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளக்கூடும். அவர் எப்படி அழைக்கிறார் என்று கேட்டு அதன்படி நடப்பது நல்லது.

துக்கம் நேர்கோட்டில் போவதில்லை

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை முன்வைத்தார். சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் கண்டது அது. பிற்காலத்தில் அதை எல்லா இழப்புக்கும் பொருத்தி, 'இன்னும் கோபத்திலேயே இருக்கிறாயே, அடுத்த படிக்குப் போ' என்று விரட்டும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். படியேறுவது போல எவரும் துக்கத்தைக் கடப்பதில்லை.

செவிமடுப்பவருக்கு அதைவிடப் பயன்படுவது, நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஸ்கட்டும் 1999-இல் எழுதிய விளக்கம். இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் இருக்கிறார், இன்னொரு நேரம் வாழ்க்கையைத் திரும்பக் கட்டும் பக்கம் இருக்கிறார், இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கிறார். காலையில் கணவரின் சட்டையை முகர்ந்து அழுத பெண், மதியம் கார் சாலை வரியைப் புதுப்பிக்க அஞ்சலகத்துக்குப் போகிறார், மாலையில் தோழி சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரிக்கிறார். 'இன்னும் மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சிரிக்கிறாளே' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அழுதால் 'இன்னும் அழுகிறாளே' என்பவர்களும் அவர்களேதான். இரண்டும் அந்தப் பெண்ணைக் காயப்படுத்துகின்றன. சிரிப்பும் அழுகையும் ஒரே துக்கத்தின் போக்குவரத்து என்று தெரிந்த ஒருவரிடம் பேசினால், தன் மீதே அவருக்கு எழும் குற்றவுணர்வு குறையும்.

இதன் எல்லை எங்கே?

செவிமடுப்புத் தொண்டு சிகிச்சை அல்ல. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளவும் அந்தத் தொழிலைச் செய்யவும் முடியும். தொண்டூழியர் நோயைக் கண்டறிவதில்லை, மருந்து பற்றிக் கருத்துச் சொல்வதில்லை. வாரக்கணக்கில் உறங்காதவர், வேலைக்குப் போக முடியாமல் படுத்தே கிடப்பவர், யாருமில்லாத அறையில் குரல் கேட்கிறது என்பவர் ஆகியோருக்கு மருத்துவ உதவி வேண்டும். அரசாங்க மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் எண் 15555-ஐ அழைத்தால் அதற்கென்று பயின்றவர்கள் பேசுவார்கள். வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே 15999 இருக்கிறது. மகளிருக்கென்று கிள்ளான் பள்ளத்தாக்கில் 1982 முதல் டபிள்யூ.ஏ.ஓ. (மகளிர் உதவி அமைப்பு) என்ற அமைப்பும், பினாங்கில் 1985 முதல் டபிள்யூ.சி.சி. (மாற்றத்துக்கான மகளிர் மையம்) என்ற அமைப்பும் இயங்கி வருகின்றன.

உயிரை விடும் எண்ணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம்' என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று அமைதியாக, நேராகக் கேட்பது பயிற்சியின் ஒரு பகுதி. சுற்றி வளைத்துக் கேட்டால், இதைப் பேசக் கூடாது போலிருக்கிறது என்று அவர் மூடிக்கொள்வார். நேராகக் கேட்டால், கடைசியில் ஒருவராவது கேட்டாரே என்ற நிம்மதி பலருக்கு வருகிறது. உடனடி ஆபத்து என்றால் 999. மலேசியாவில் தற்கொலைக்கு முயல்வதே நீண்ட காலம் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. தண்டனைச் சட்டத்தின் அந்த 309-ஆவது பிரிவை நீக்க 2023-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. போலீஸ் வருமோ என்று பயந்து வாயைத் திறக்காதவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். நம் பெரியவர்களில் பலருக்குச் சட்டம் மாறியது இன்னும் தெரியாது.

கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதற்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குக் கொடுமை போன்ற நிலைகளில் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒவ்வோர் அமைப்பும் விதி வைத்திருக்கும். பேசத் தொடங்கும்முன் அதைக் கேட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேட்பவருக்கும் மனம் இருக்கிறது. இரவுப் பணியில் கேட்ட ஒன்று மறுநாள் அலுவலகம் வரை கூடவே வரும். ஆனால் அதை மனைவியிடமோ கணவரிடமோ சொல்ல முடியாது. அதனால்தான் பணி முடிந்ததும் மூத்த தொண்டூழியர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசிவிட்டுப் போகும் ஏற்பாடு அவசியம். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் சேராதீர்கள். கோயிலிலோ குடியிருப்பிலோ நாலு பேர் சேர்ந்து இத்தகைய குழு ஒன்றைத் தொடங்க நினைத்தாலும், கேட்பவரை யார் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நல்லெண்ணத்தோடு தொடங்கி மூன்றே மாதத்தில் களைத்துப்போகும் குழுக்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சேர விரும்புகிறவர்களுக்குப் பட்டம் தேவையில்லை. நேர்காணல் இருக்கும், பயிற்சி இருக்கும், பயிற்சியின் நடுவில் 'இது இப்போது உங்களுக்கு ஏற்றதல்ல' என்று சொல்லப்படவும் கூடும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்மையில் தம் வீட்டிலேயே பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் கொஞ்ச காலம் பொறுத்துச் சேர்வது நல்லது. பிறர் கதையில் தம் கதையே கேட்கும்போது, பேசுபவருக்கு இடம் குறைந்துவிடும். தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் நம்மவர்களுக்கு, துக்கம் என்று வரும்போது தாய்மொழிதான் முதலில் வருகிறது. அதனால் தமிழ் சரளமாகப் பேசுபவர்கள் முன்வருவதை நான் மிகவும் விரும்புகிறேன்.

பேச விரும்புகிறவர்களுக்கு: கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-76272929, 24 மணி நேரமும் அழைக்கலாம். சாகும் எண்ணம் இருந்தால்தான் அழைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மகன் வெளியூர் போன வெறுமைக்கும் அழைக்கலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒத்திகை பார்க்க வேண்டாம். 'எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை' என்றே தொடங்குங்கள், அது அவர்கள் அடிக்கடி கேட்கும் முதல் வாக்கியம்தான். தமிழில் பேச வேண்டும் என்பதை எடுத்தவுடன் தெரிவியுங்கள். அந்த நேரத்தில் தமிழ் பேசுபவர் பணியில் இல்லையென்றால், எந்த நேரத்தில் அழைத்தால் கிடைப்பார் என்று கேட்டுக்கொள்ளலாம்.